படம் போன பங்குனிக் காலைகள்

இப்போது நம் எல்லோர் கையிலும் அந்த நீலப் புள்ளி இருக்கிறது. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவன் மந்தைவெளி முனையில் திரும்புகிறானா, வழி தவறி அடையாறு பக்கம் போகிறானா என்று பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரம் சொல்லிக்கொண்டிருக்கின்றனவாம். அதைக் கேட்டு, நாம் எங்கே நிற்கிறோம் என்று போன் கணக்குப் போட்டுக்கொள்கிறதாம். என் மகன் சொன்னான். புயல் எங்கே இருக்கிறது என்று கேட்டாலும் வானத்திலிருந்துதான் பதில் வருகிறது. ஆனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நாம் அண்ணாந்து பார்த்தவர்கள். மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் "வந்துடுச்சு, வந்துடுச்சு... ஐயோ போயிடுச்சு" என்று கத்திய வீடுகளில் வளர்ந்தவர்கள். உங்களில் பலர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வருவதில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கமாக இருந்த பழைய மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அப்பா தி. நகரில் ஒரு ட்யூட்டோரியலில் இயற்பியல் எடுத்தார். விடிகாலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. நடுப்பகல் முழுக்க வீட்டில் இருப்பார். அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, முறிந்து, அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்காமல் போன பருவம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். மற்ற நாட்களில் எங்கள் வீட்டின் பாதி வேலை அவள் கையில்.

குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து டிஷ் வாங்கலாம் என்ற யோசனை அப்பாவுடையது. வெளிநாட்டு மேட்ச் எல்லாமே அதில் வரும் என்று சொன்னதும் கீழ்வீட்டு செகரட்டரி மாமா உடனே சம்மதித்துவிட்டார். டிஷ் வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளையாக, ஒரு பிரம்மாண்டமான வாணலியைப் போல இருந்தது. படிக்கட்டில் திருப்ப முடியாமல், கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாக மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. மேலே அதைத் தென்கிழக்கு வானத்தைப் பார்த்து நிறுத்தி, அரை விரற்கடை அசைத்து, இறுக்கி, மறுபடி தளர்த்தி, ஒரு முழுப் பகல் போயிற்று. நடுவில் மூன்று கம்பிகள் தாங்கிய ஒரு டப்பா. வானத்திலிருந்து வருவதை வாணலி வாங்கி அந்த டப்பாவில் குவிக்கும் என்றார் அப்பா.

"அங்க என்னப்பா இருக்கு? ஒண்ணுமே தெரியலையே" என்று கேட்டேன்.

அன்று மாலை அவர் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கினார். நடுவில் அவர் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுழன்றார். நான் அவரைச் சுற்றி ஓடினேன்.

"நான்தான் பூமி. நீ சாட்டிலைட். நான் சுத்தற அதே வேகத்துல நீயும் என்னைச் சுத்தறே. இப்போ என் கண்ணுக்கு நீ அசையறியா?"

"இல்லைப்பா!"

"அவ்வளவுதான். அது சும்மா நிக்கலை. நம்மளோட சேர்ந்து சுத்துது. அதனால நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி நமக்குத் தெரியுது. ஒரு தடவை டிஷ்ஷை அதுக்கு நேரா வெச்சுட்டா அப்புறம் திருப்பவே வேண்டாம்."

தலை சுற்றி இருவரும் சோபாவில் விழுந்தோம். அத்தை சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். அவரைப்போல ஓர் ஆசிரியரை நான் பிறகு பார்த்ததில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்வது நியாயமாகாது.

மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை இருந்தது. அதில் திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். தி. நகரில் பாத்திரக்கடை ஒன்றில் விற்பனையாளர். கல்யாணம் ஆகவில்லை. காலையில் நிதானமாகத் துணி துவைத்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். டிஷ் வந்தபோது அவருடைய கயிற்றுக்கட்டில் போட்டிருந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர் கட்டிலை நகர்த்திக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் டிஷ்ஷின் இரும்புக் காலில் சட்டையைக் காயப்போட்டிருப்பார்.

அந்த மாசி கடைசியில் எனக்கு அம்மை வார்த்தது. அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்; நிலைப்படியில் வேப்பிலையும் செருகினாள். வேப்பிலை எந்த மதம் என்று அவள் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அதுவரை அம்மை வந்ததில்லை என்பதால் அத்தைதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். என் துணி, போர்வை எல்லாவற்றையும் தனியாக அலசி, தினமும் காலையில் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் உலர்த்திவிட்டு வருவாள். அரிப்பு தாங்காமல் நான் அழும்போது வேப்பங்கொத்தால் வருடியபடி கோயில் பாட்டு பாடுவாள். ஒருநாள் கீழே வரும்போது கையில் இளநீர் இருந்தது.

"மாடி ரூம்காரர் உனக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கார். சூடு தணியுமாம்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் என் பக்கம் இல்லை.

பங்குனி பிறந்த சமயம். எங்கோ தூர தேசத்தில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. அங்கே மத்தியானம், இங்கே காலை. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஒருநாள் படத்தில் வெள்ளைப் பூச்சி போலப் புள்ளிகள் பறந்தன. பிறகு சத்தத்தில் இரைச்சல் கலந்தது. பிறகு ஆட்டக்காரர்களே மறைந்து திரை முழுக்கப் பூச்சி. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் "சார்! படம் போச்சு சார்!" என்று குரல் எழுந்தது. அப்பா மேலே ஓடினார். அவர் போய் ஒன்றும் புரியாமல் நிற்கும்போதே படம் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

"ஏன் சார், உங்க சாட்டிலைட் ஓடிப்போயிடுத்தா?" என்று படிக்கட்டில் செகரட்டரி மாமா கேட்டது வேடிக்கையாகத்தான். அப்பாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. ஒருதடவை வைத்தால் திருப்பவே வேண்டாம் என்று எல்லோரிடமும் அவர்தானே சொல்லியிருந்தார்? அடுத்த நாள், படம் போகும் முன்பே சத்தமில்லாமல் மேலே போனார்.

அங்கே அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. வெகு காலம் கழித்து அத்தை சொன்னாள். கொடியில் என் போர்வை விரித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அத்தையும் மாடி அறைக்காரரும் நின்றிருந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் குடத்தைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பதை அவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். போர்வை விலகியது. அப்பா இருவரையும் பார்த்தார். டிஷ்ஷையும் பார்த்தார். இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வகுப்புக்குப் போகவில்லை. கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் குடியிருப்புக்காரர்கள் கூடினார்கள். அம்மைத் தழும்போடு நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை எனக்குப் பின்னால், திரைக்கு உள்ளே நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது.

"டிஷ்ஷை யாரோ அசைக்கறாங்க" என்றார் அப்பா. "தினமும் அதே நேரத்துக்குப் படம் போகுது. அந்த நேரத்துல மேல இருக்கறது இவர் ஒருத்தர்தான்."

மாடி அறைக்காரர் திகைத்துப்போனார். "நானா சார்? என்னாண்ட டிவியே இல்லியே. அத்தத் திருப்பி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

"டிஷ் கால்ல சட்டை காயப்போடறதை நானே பார்த்திருக்கேன் ஓய்" என்றார் செகரட்டரி மாமா.

"சட்ட போட்டா படம் போய்டுமா? சார், நீங்க பாடம் எடுக்கறவரு. நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "குடும்பம் இருக்கற எடத்துல தனி ஆளுக்கு ரூம் குடுத்ததே தப்பு" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் டிஷ்ஷைப் பற்றிப் பேசவில்லை. சிலர் எங்கள் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்கள். மாடி அறைக்காரரும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தோளில் இருந்த கை இறுகியது. திரை விலகவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு ட்ரங்குப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக அவர் போய்விட்டார்.

அன்று எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வரலாம் என்றார்கள். அதே நேரம் வந்தது. படம் போயிற்று.

அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மேலே போனார். அறை பூட்டிக் கிடந்தது. மாடியில் ஈ காக்கை இல்லை. அப்பா டிஷ்ஷை ஒரு சுற்று சுற்றி வந்தார். திடீரென்று நின்றார்.

"இங்க வா, இங்க வா! இந்த நிழலைப் பாரு!"

நடு டப்பாவின் நிழல் வெள்ளை வாணலியின் நட்டநடுவில், பொட்டு வைத்ததுபோல விழுந்திருந்தது.

"நிழல் நடுவுல விழுதுன்னா என்ன அர்த்தம்? டிஷ் எதைப் பார்த்துக்கிட்டிருக்கு?"

"சூரியனை!"

"சபாஷ்! சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி சூரியன் வந்து நிக்குது. சாட்டிலைட் அனுப்பறது ரொம்ப மெல்லிசான சிக்னல். சூரியனோ எல்லா அலையையும் சேர்த்துக் கொட்டுது. சந்தை இரைச்சல்ல ரகசியம் பேசினா காதுல விழுமா? அதான் படம் போகுது. சூரியன் நகர்ந்ததும் வந்துடும். சூரியன் வடக்க போறப்ப ஒரு தடவை, தெற்க வர்றப்ப ஒரு தடவை, வருஷத்துக்கு ரெண்டு தரம் இப்படி ஆகும். சில நாள்தான் இருக்கும்."

நிழல் மெல்ல நடுவை விட்டு நகர்ந்தது. கீழே எந்த வீட்டிலிருந்தோ கைதட்டல் கேட்டது. படம் வந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். விடை கிடைத்த மாணவனின் முகம். அது எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. படி இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பல நாள் படுக்கையில் கிடந்தவளுக்குச் சொல்ல ஒரு புது விஷயம் கிடைத்த சந்தோஷம். சூரியன், நிழல், சந்தை இரைச்சல் என்று தட்டில் அப்பளத்தை வைத்து டிஷ் செய்தே காட்டினேன். அத்தை குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"அப்போ அவர் ஒண்ணும் பண்ணலையாண்ணா?"

"சாப்பிடும்மா" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"சாப்பிடறப்ப என்ன பேச்சு?" என்று அம்மா என்னை அதட்டினாள். எதற்கு அதட்டு வாங்கினேன் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மேசையில் ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது, அதை நான்தான் கொண்டுவந்து கொட்டினேன் என்று மட்டும் புரிந்தது. அப்பளத்தை உடைத்துச் சோற்றுக்கு அடியில் மறைத்தேன்.

அப்பா கீழே போய்ச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. சில நாளில் சூரியன் விலகியது, படம் ஒழுங்காக வந்தது. "பார்த்தேளா சார், அவனை அனுப்பினதும் எல்லாம் சரியாயிடுத்து" என்றார் செகரட்டரி மாமா. அப்பா தலையை ஒரு மாதிரி அசைத்தார். ஆம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தவக்காலம். வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு முட்டி போட்டபோது அவர் நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை. அம்மா அத்தையிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "உனக்காகத்தான் செஞ்சாரு. நாலு பேர் நாலு விதமாப் பேசறதுக்கு முன்னாடி."

கோடை விடுமுறையில் ஒருநாள் குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கவேண்டும் என்று அத்தை என்னைத் தி. நகருக்கு அழைத்துப்போனாள். மாடி அறைக்காரர் வேலை பார்த்த கடைக்குத்தான் போனோம். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு கல்யாண கோஷ்டிக்கு அண்டா காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா வேணும்?" என்றார். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரல்.

அத்தை வளையத்தைச் சொல்லவில்லை. "டிஷ்ஷுக்கு ஒண்ணும் ஆகலை. சூரியனால வந்ததாம். நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு தெரிஞ்சுடுச்சு" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமேம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் மேல பாத்தேன். நீங்க வெளில வருவீங்கன்னு பாத்தேன்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு மூடியை எடுத்துத் துடைத்தார். என்னைப் பார்த்து, "அம்ம தழும்பு மறஞ்சிடும் பாப்பா, சொறியாத" என்றார். அண்டாக்காரர்கள் கூப்பிட்டார்கள். போய்விட்டார். பேருந்தில் அத்தை ஜன்னல் பக்கமாகத் திரும்பியே வந்தாள். வளையம் வாங்காமல் வந்ததை அம்மா கேட்கவில்லை.

காலாண்டு விடுமுறை வந்தது. சூரியன் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை, திரையில் மறுபடி வெள்ளைப் பூச்சி. மறுநாளும். "சார்!" என்ற குரல்கள். இப்போது மாடி அறையில் யாரும் இல்லை. ஆனால் மாடியைப் பெருக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே, படிக்கட்டில் அவளை நிறுத்திவைத்துக்கொண்டு செகரட்டரி மாமாவும் மாமியும் இன்னும் சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெனம் இந்த நேரத்துக்கு மேல போறது நீ ஒருத்திதானே? தொடப்பத்தை அது மேல சாத்தி வெச்சியா?" என்றாள் மாமி.

"நான் அது கிட்டயே போவலம்மா. சத்தியமா. வேலய வுட்டு நிறுத்திடாதீங்கம்மா."

அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து சட்டையைத் தேடினார். சட்டை அவர் தோளிலேயே இருந்தது. அதற்குள் அத்தை கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"அந்தம்மாவை விடுங்க. அவங்க ஒண்ணும் பண்ணலை. சூரியன் சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வருது, அதனால படம் போகுது. கொஞ்ச நேரத்துல வந்துடும்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "பங்குனிலயும் அதேதான். அவர் டிஷ்ஷைத் தொடவே இல்லை. அவர் போன அன்னிக்கே எங்க அண்ணனுக்குத் தெரியும்."

செகரட்டரி மாமா அத்தையைத் தாண்டி உள்ளே பார்த்தார். "அப்படியா சார்?"

அப்பா வாசலுக்கு வந்திருந்தார். கையில் சட்டை. "ஆமா" என்றார்.

"அப்போ அவனை எதுக்கு..."

"என்னோட பேசிக்கிட்டிருந்தார். அதுக்குத்தான்" என்றாள் அத்தை.

பெருக்குகிற பெண் தலையை உயர்த்தி அத்தையைப் பார்த்தாள். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாராவது ஏதாவது சொல்வார்கள், திட்டுவார்கள், அழுவார்கள் என்று காத்திருந்தேன். அப்போது கீழ்வீட்டிலிருந்து ஒரு குரல்:

"படம் வந்துடுத்து!"

மாமி முதலில் திரும்பினாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கதவுகள் சாத்தின. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு, ஒரே நொடியில், கேட்க ஆரம்பித்தது. மாடி அறைக்காரரைப் பற்றி அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை ஊர்கூடி அனுப்பியவர்கள் அவ்வளவு எளிதாக அவரை மறந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் பங்குனியில் எல்லோர் முன்னாலும் அப்பா தரையைப் பார்த்ததைவிட அதுதான் கேவலம்.

அந்த மாதமே அத்தை அடையாறில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அங்கேயே மேற்பார்வை வேலை கிடைத்தது. பிறகு பல வருஷம் அங்கேயே இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படி ஒன்றும் சோகமாக வாழ்ந்துவிடவில்லை. விடுதிப் பெண்கள் அவளுக்குப் பயப்படுவார்கள், அவளோடு சினிமாவுக்கும் போவார்கள். கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வருவாள். அப்பாவோடு பேசுவாள். ஆனால் அவர் ஏதாவது விளக்கிச் சொல்லத் தொடங்கினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவரும் போகப்போக வீட்டில் எதையும் விளக்குவதை நிறுத்திவிட்டார்.

அவள் கிளம்பிய அன்று பெட்டியை அப்பாவே தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் தலையணையோடு போனேன். ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வேணா அந்தக் கடைக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசட்டுமா?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "போங்கண்ணா. எனக்காக வேண்டாம். அவரை நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அவர் கடையிலயும் நாலு பேர் இருப்பாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க."

அப்பா தலையசைத்தார். இந்தத் தடவை அது ஆம்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் தினமும் தி. நகருக்கு வகுப்பெடுக்கப் போய் வந்தார். அந்தக் கடை அவர் போகிற வழியில்தான் இருந்தது. போனாரா என்று நான் கேட்கவில்லை. நான் கல்லூரி போனேன், எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அவர் படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நாட்கணக்கில் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கமாட்டார். அதனால்தான் கேட்கவில்லை.